வான்கோழி வேட்டைக்கு 12 கேஜை விட்டு 20 கேஜுக்கு மாறலாமா?

அமெரிக்காவில் வசந்த கால வான்கோழி வேட்டைக்கு 12 கேஜ் ஷாட்கன் (ஒரே சூட்டில் பல சிறு குண்டுகளைச் சிதறும் துப்பாக்கி; கேஜ் என்பது குழலின் அளவு, எண் கூடினால் குழல் சிறியது) வைத்திருக்கிறேன், அதன் உதையைத் தோள் தாங்கவில்லை, 20 கேஜ் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போதும்.

காரணம் டங்ஸ்டன் என்ற கனமான உலோகத்தில் செய்த குண்டுகள். ஈயத்தின் அடர்த்தி 11 என்றால் இதற்குச் சுமார் 18. அதனால் கடுகளவே உள்ள 9ஆம் எண் குண்டுகூட 40 கஜத்தில் நிற்கும் ஆண் வான்கோழியின் கழுத்தில் ஆழமாக இறங்கும். சின்னத் தோட்டாவிலேயே நிறையக் குண்டுகள் அடங்கும். விலைதான் அதிகம்.

துப்பாக்கி ரொம்ப லேசாக இருந்தால் 20 கேஜும் ஓங்கி உதைக்கும். சுடும்போது உண்டாகும் வாயுவால் இயங்கி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் செமி ஆட்டோமேட்டிக் வாங்கினால் தோளுக்கு நல்லது. அப்புறம், காட்டுக்குப் போகுமுன் 40 கஜத்தில் ஒரு காகிதத்தைச் சுட்டு, 10 அங்குல வட்டத்துக்குள் விழுந்த ஓட்டைகளை எண்ணுங்கள். குறைந்தது நூறு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால், வேட்டையில் பறவை இன்னும் கிட்ட வரும்வரை காத்திருங்கள். பறவை காயத்தோடு புதருக்குள் ஓடி மறைவது மிகவும் கொடுமை.