ட்யூப் லைட் வெளிச்சம் கோழிக்குத் துடிப்பாகத் தெரியுமா?

நமக்குச் சீராகத் தெரியும் ட்யூப் லைட் வெளிச்சம் கோழிக்கு மினுக் மினுக்கென்று தெரியுமா, கோழி வாய் திறந்து சொல்லாதபோது அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண் மருத்துவமனையில் ஈஆர்ஜி, அதாவது விழித்திரையின் மின் பதிவு, எடுப்பது என் வேலை. அதனால் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். விழித்திரையில் வெளிச்சம் பட்டதும் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம் உண்டாகிறது. கருவிழி மேல் ஒரு மெல்லிய மின்முனையை வைத்தால் அதைப் பதிவு செய்துவிடலாம். முதலில் கோடு கீழே இறங்கும். அது ஒளியை வாங்கும் செல்களின் வேலை. உடனே மேலே எழும்பும்; அது அவற்றுக்கு அடுத்த அடுக்கில் இருக்கும் செல்களிடமிருந்து வருவது. வெளிச்சம் பட்டால் இப்படி மின்னழுத்தம் மாறுவதை 1865இல் ஸ்வீடன் உடலியல் அறிஞர் ஹோல்ம்கிரேன் தவளைக் கண்ணில் கண்டார். கோழிக்கும் இதே முறைதான்.

விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டால் ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் அலை வரும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அலைகள் சிறுத்து, கடைசியில் கோடு தட்டையாகிவிடும். நல்ல வெளிச்சத்தில் கோழியின் கண் நொடிக்கு 100 துடிப்புகளைத் தாண்டியும் பதில் சொல்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை ஒளிர்வதால் பழைய சோக் வைத்த ட்யூப் லைட் துடிப்பதோ நொடிக்கு 100 முறை. அதாவது கோழியின் விழித்திரைக்கு அந்தத் துடிப்பு எட்டிவிடுகிறது.

ஆனால் விழித்திரைக்கு எட்டியதெல்லாம் மூளையில் காட்சியாகிவிடாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. துடிக்கும் விளக்கையும் துடிக்காத விளக்கையும் பிரித்துக் கொத்தப் பழக்கிச் சோதித்தபோது, மிகப் பிரகாசமான ஒளியிலேயே கோழிகளால் சுமார் 87 ஹெர்ட்ஸ் வரைதான் பிரித்தறிய முடிந்தது. மங்கலான ஒளியில் அது 20 அளவுக்கு இறங்கிவிட்டது. அதற்கு மேல் கண் அனுப்புவது வழியிலோ மூளையிலோ தேய்ந்துபோகிறது.

ஆகவே என் பதில்: கோழி அந்தத் துடிப்பை உணர்ந்து பார்ப்பதாகச் சொல்ல ஆதாரம் போதாது. சின்னப் பறவைகள் விஷயம் வேறு. ஸ்வீடனில் இதே மாதிரி பழக்கிச் சோதித்த ஈப்பிடிப்பான்களில் சில 140 ஹெர்ட்ஸையும் தாண்டின. அவற்றுக்கு 100 ஹெர்ட்ஸ் விளக்கு கட்டாயம் துடிக்கும்.

வீட்டுக்குள் குருவி இனங்களை வளர்ப்பவர்கள் அந்தப் பழைய சோக்கை மாற்றி எலக்ட்ரானிக் சோக் போட்டுவிடுங்கள். அது பல்லாயிரம் ஹெர்ட்ஸில் ஓடுவது. எல்ஈடி என்றால் துடிப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான சிலவும் 100இல்தான் துடிக்கின்றன.