கம்யூனிஸ்ட் தலைவர் ஹிட்லர் பக்கம் சாய்ந்தது எப்படி?

கேள்வி: ஸ்வீடன் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தலைவராக இருந்த நில்ஸ் ஃப்ளிக், கடைசியில் ஜெர்மனியின் நாஜிகளை ஆதரித்தாராமே, நிஜமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நிஜம்தான். ஆனால் ஒரே நாளில் நடந்ததில்லை. 1917இல் சமூக ஜனநாயகக் கட்சி உடைந்து இடதுசாரிகள் தனியாக வந்தபோது அவர்களோடு வந்தவர் ஃப்ளிக். அந்த அணிதான் பிறகு கம்யூனிஸ்ட் கட்சி ஆனது. முதல் உலகப் போரை எதிர்த்துச் சிறைக்குப் போன ஸெத் ஹோக்லுண்ட் அதன் பெரிய தலைவர். மாஸ்கோவோடு முட்டிக்கொண்டு 1924இல் அவர் வெளியேற, ஃப்ளிக் தலைமைக்கு வந்தார். ஐந்தே வருடத்தில் அதே கதி இவருக்கும். 1929இல் கம்யூனிஸ்ட் அகிலம் (உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளை மாஸ்கோவிலிருந்து நடத்திய அமைப்பு) இவரையும் சக தலைவர் கார்ல் கில்போமையும் விலக்கியது, ஆனால் உறுப்பினர்களில் பெரும்பாலோரும் கட்சிப் பத்திரிகையும் இவர்கள் பக்கமே நின்றதால், தனிக் கட்சியாக நின்ற இவர்களுக்கு 1932 தேர்தலில் 6 இடம், மாஸ்கோ கட்சிக்கு வெறும் 2.

இதுவரைக்கும் எனக்கு ஃப்ளிக் மேல் மரியாதை உண்டு. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில்கூட இவர்கள் வலதுசாரித் தளபதி ஃபிராங்கோவுக்கு எதிர்ப் பக்கம்தான். சறுக்கல் அதற்குப் பிறகு. 1937இல் கில்போமும் வெளியேற, கட்சி ஃப்ளிக் கைக்குள் வந்தது. மாஸ்கோ மேல் தீராத வெறுப்பு. பிரிட்டன், பிரான்ஸ் என்றாலே காலனி கொள்ளைக்காரர்கள் (அது பொய்யும் இல்லை). சரி, அப்படியானால் அவர்களோடு மோதும் ஜெர்மனி நல்லது என்று கணக்குப் போட்டாரே, அங்கேதான் எல்லாம் கெட்டது. 1940 தேர்தலில் ஒரு சதவீத ஓட்டுகூடத் தேறவில்லை, இருந்த இடம் எல்லாம் போச்சு. பத்திரிகையை ஓட்ட ஜெர்மன் பணம் வாங்கினார்கள். 1943 ஜனவரியில், 51 வயதில் அவர் இறந்தார்.

கேள்வி: கட்சி துரத்தியடித்த கோபம்தானே அவரை அங்கே தள்ளியது?
- அதே வாசகி

பதில்: என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. டூரே நேர்மனைப் பாருங்கள். கவிஞர், 1915இல் சுவிட்சர்லாந்தின் சிம்மர்வால்டில் நடந்த போர் எதிர்ப்பு மாநாட்டுக்கு ஹோக்லுண்டோடு போனவர். 1929 பிளவில் அவரும் ஃப்ளிக் பக்கம்தான், அதே கட்சியில்தான் இருந்தார். மாஸ்கோ மேல் அவருக்கும் கோபம் இருந்தது. ஆனாலும் 1939இல் ‘ட்ரொட்ஸ் அல்ட்’ என்ற நாஜி எதிர்ப்புப் பத்திரிகையை ஆரம்பித்தார். அந்த நவம்பரில் மியூனிக் பீர் மண்டபத்தில் ஹிட்லருக்கு வைத்த குண்டு வெடித்தது பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு, வெளிநாட்டுத் தலைவரை இழிவுபடுத்தியதாக மூன்று மாதச் சிறை. சிறையில் போட்டது ஸ்வீடன்! ஜெர்மனிக்குப் பயந்த அரசு, ரயிலிலோ தபாலிலோ அந்தப் பத்திரிகையை அனுப்பக் கூடாது என்று தடையும் போட்டது. அப்படியும் அது 1945 வரை வந்துகொண்டேதான் இருந்தது.