நிதி கூடினால் காப்புரிமை ஆய்வு வேகமாகுமா?

அமெரிக்காவில் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை (patent) கேட்டு விண்ணப்பித்து இரண்டு வருடமாகியும், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் ஆய்வாளரிடமிருந்து முதல் கடிதமே வரவில்லை, அரசு நிதி போதாததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு ஆம்.

அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 1990களின் தொடக்கத்திலிருந்தே வரிப்பணத்தில் இல்லாமல், விண்ணப்பதாரர்கள் கட்டும் கட்டணத்தில்தான் ஓடுகிறது. ஆனால் அதைச் செலவு செய்ய ஆண்டுதோறும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அனுமதிக்க வேண்டும். பல ஆண்டுகள் வசூலில் ஒரு பகுதி வேறு செலவுகளுக்குப் போனது. ஆய்வுக்கென்று வாங்கிய பணத்தை அப்படித் திருப்பியது அநியாயம் என்றே நினைக்கிறேன். 2011இல் வந்த காப்புரிமைச் சீர்திருத்தச் சட்டம் உபரிக் கட்டணத்துக்குத் தனி நிதியம் அமைத்தது. அப்படியும் 2013இல் வந்த பொதுச் செலவு வெட்டு இந்தக் கட்டணத்தையும் விடவில்லை.

சரி, பணம் வந்தால் உடனே வேகம் வருமா? வராது. புது ஆய்வாளர் தனியாக முடிவெடுக்கப் பழகச் சில வருடங்கள் ஆகும். அதுவரை மூத்தவர்களின் நேரமும் பயிற்சியில் போகும். அதனால் நிதி ஒரு வருடம் கூடி மறு வருடம் குறைவதுதான் பெரிய கேடு. ஆளெடுப்பை நிறுத்தினால் ஆய்வுக்குக் காத்திருக்கும் விண்ணப்பங்களின் நிலுவை வருடக்கணக்கில் இழுக்கும். அவசரப்படுத்தினாலோ தகுதியில்லாத காப்புரிமைகள் நழுவி வந்து நீதிமன்றத்தில் நிற்கும்.

உங்கள் விஷயத்தில் இரண்டைப் பாருங்கள். கண்டுபிடிப்பாளர்களில் ஒருவருக்கு 65 வயதாகியிருந்தால் உங்கள் விண்ணப்பத்தை முன்னதாக ஆய்வு செய்யும்படி கட்டணமில்லாமல் கேட்கலாம். அப்புறம், 14 மாதத்துக்குள் முதல் கடிதம் வராத தாமதத்துக்கு ஈடாகக் காப்புரிமைக் காலம் நீட்டப்படும். உங்கள் பக்கத் தாமதம் அதில் கழியும், எனவே பதில்களை நேரத்துக்கு அனுப்புங்கள்.