கேள்வி பதில்: முழங்கால் போமை எப்பிடி நிரப்புறது?

முழங்கால் கிளினிக்குக்குப் போற ஆக்களிட்ட டொக்டரைப் பாக்க முந்தி ஒரு கேள்விக் கொத்து நிரப்பச் சொல்லிக் குடுக்கினம்தானே, அதைப் பற்றிக் கனபேர் கேட்டிருக்கிறீங்கள். இந்த முறை அது மட்டும்தான். சுகர், கொலஸ்ட்ரோல் ஆக்கள் அடுத்த இதழ் வரைக்கும் பொறுங்கோ.

கேள்வி (வெள்ளவத்தை): 42 கேள்வி இருக்கிற போம் ஒண்டு தந்தவை. படியேறுறதில எவ்வளவு கஷ்டம் எண்டு ஒரு கேள்வி. எங்கட பிளட் நாலாம் மாடி, லிஃப்ட் இருக்கு, நான் படிப்பக்கம் போறதே இல்லை. அதால கஷ்டமில்லை எண்டு போட்டன். அது பொய் எண்டு மகள் சண்டை பிடிக்கிறா. ஆர் சரி?

பதில்: மகள்தான் சரி அன்ரி, ஆனா நீங்கள் பொய் சொல்லவும் இல்லை. கேள்வி கேக்கிறது முழங்காலை, நீங்கள் பதில் சொன்னது முழங்காலுக்கு ஏத்த மாதிரி மாத்தி வச்சிருக்கிற வாழ்க்கையை. இதைத்தான் முக்கால்வாசிப் பேரும் செய்யினம் எண்டு நினைக்கிறன். சந்தைக்குப் போறேல்லை, மருமகன் சாமான் வாங்கிக்கொண்டு வாறார், அதால கடைக்குப் போறதில கஷ்டமில்லை. பஸ்ஸில ஏறுறேல்லை, த்ரீவீலர்தான், அதால பிரயாணம் கஷ்டமில்லை. இப்பிடியே போட்டுக்கொண்டு போனா கடதாசியில நல்ல சுகமான மனுசி ஒராள் நிப்பா, கதிரையில இருக்கிறது வேற மனுசி.

42 கேள்வி எண்டா அது அனேகமா கூஸ் (KOOS) எண்ட முழங்கால் போம், 1998ல வெளிவந்தது. நோவுக்கு 9 கேள்வி, வீக்கம் விறைப்பு கடகடச் சத்தத்துக்கு 7, அன்றாட வேலைக்கு 17, விளையாட்டுக்கு 5, வாழ்க்கைத்தரத்துக்கு 4. ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 4 வரை ஒரு இலக்கம், பிறகு ஒவ்வொரு பகுதியையும் 100க்கு மாத்துவினம். இதில எங்க பிழைக்குது எண்டா, இப்ப படிக்கு கஷ்டமில்லை எண்டு போட்டுட்டீங்கள், ஒப்பரேஷன் செய்து ஆறு மாசத்தில துணிஞ்சு படியேறுறீங்கள், கொஞ்சம் நோகும்தானே, அப்ப கொஞ்சம் எண்டு போடுவீங்கள், ரெண்டு போமையும் பக்கத்தில வச்சுப் பாத்தா ஒப்பரேஷனால முழங்கால் மோசமாப் போன மாதிரி இருக்கும்! டொக்டருக்கும் விளங்காது உங்களுக்கும் விளங்காது.

என்ன செய்யலாம்? போன கிழமை லிஃப்ட் பழுதாப்போய் நாலு மாடியும் ஏறவேண்டி வந்திருந்தா எப்பிடி இருந்திருக்கும்? 2022ல கரண்ட் கட் நேரம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீங்கள். அதை யோசிச்சுப் போடுங்கோ. போமிலயே சரியாத் தெரியாட்டி முடிஞ்ச அளவு நல்ல பதிலைப் போடச் சொல்லி எழுதியிருக்கு. அப்பிடியும் ஏலாட்டி வெறுமையா விட்டு, பக்கத்தில "லிஃப்ட்தான் பாவிக்கிறன்" எண்டு ஒரு வரி எழுதுங்கோ. ஒரு பகுதியில பாதிக் கேள்விக்காவது பதில் இருந்தா அந்தப் பகுதிக்கு ஸ்கோர் போடலாம், ஒண்டு ரெண்டு விட்டா குடி முழுகாது.

கேள்வி (கொட்டாஞ்சேனை): பனடோல் போட்டா வலி பாதிதான் தெரியுது, போடாட்டி உயிர் போகுது. ஒரு நாள் நல்லா நடக்கிறேன், அடுத்த நாள் கட்டிலை விட்டு எழும்பவே முடியல. எதை எழுதுறதுன்னே தெரியல.

பதில்: அண்ணே, போம் கேக்கிற காலத்தை முதல்ல பாருங்க. கூஸ் போன கிழமையை மட்டும்தான் கேக்குது. ஒக்ஸ்போர்ட்னு இன்னொரு முழங்கால் போம் இருக்கு, அதுன்னா போன நாலு கிழமை. ஈகியூ ஃபைவ் டி (EQ-5D)ன்னு பொதுவான சுகத்தைப் பத்தின ஒரு சின்ன போம் இருக்கு, அது இன்னைக்கு எப்படின்னு கேக்கும். ரெண்டு மூணு போமை ஒண்ணா பின் அடிச்சு குடுத்தா எல்லாத்துக்கும் ஒரே பதிலை இழுத்து விட்டுட்டு வந்துடுறோம், அதுதான் நடக்குது. நாலு கிழமையை கேட்டா, நேத்து ராத்திரி பட்ட அவஸ்தையை மட்டும் வச்சு எழுதாதீங்க, கூடுதலான நாள் எப்படி இருந்திச்சோ அதை எழுதுங்க. மாத்திரை விஷயத்துல உங்க வழக்கமான நாள் மாத்திரையோடதான்னா அப்படியே போடுங்க, ஆனா ஒரு நாளைக்கு எத்தனை போடுறீங்கன்னு ஓரத்துல எழுதி வைங்க. டொக்டருக்கு அந்த ஒரு வரி ரொம்ப உதவும். ஒப்பரேஷனுக்கு முந்தி மாத்திரை இல்லாம இருந்த நாளையும், பிறகு மாத்திரையோட இருக்கிற நாளையும் எழுதினா ரெண்டையும் ஒப்பிட்டு ஒரு பிரயோசனமும் இல்ல.

கேள்வி (தெஹிவளை): அம்மாவுக்கு 71 வயசு. சொக்ஸ் போடுறது, பாத்டப்புக்குள்ள இறங்குறது, ஓடுறது, பாய்றது எண்டெல்லாம் கேட்டிருக்கு. அம்மா சிரிச்சுப்போட்டு விளையாட்டுப் பக்கம் முழுக்க கோடு கீறி விட்டுட்டா. பரவாயில்லையோ?

பதில்: பரவாயில்லை எண்டு சொல்லமாட்டன் தங்கச்சி, அந்தப் பக்கத்தைத் திருப்பி எடுங்கோ. விளையாட்டு எண்டு தலைப்புப் போட்டிருக்கிற அந்த அஞ்சு கேள்வியில ஓடுறதும் பாய்றதும் இருக்கிறது உண்மைதான், ஆனா குந்தி இருக்கிறதும் முழந்தாள் போடுறதும் காலை ஊண்டித் திரும்புறதும் அதுக்குள்ளதான் இருக்கு. கூஸ் போமைச் செய்தவை ஸ்வீடனிலயும் அமெரிக்காவிலயும் இருந்த ஆக்கள், அங்க குந்துறது தேகப்பயிற்சி. இங்க அது அடுப்படி. தேங்காய் திருவுறதுக்கு குந்தவேணும், சாமி அறையில கும்பிட்டு எழும்பவேணும், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிட்டப் போற ஆக்களைக் கேளுங்கோ முழந்தாள் போடுறது விளையாட்டோ எண்டு. பழைய வீட்டில குந்துற கக்கூஸ் எண்டா காலமை எழும்பினவுடனேயே அந்தக் கேள்வி வந்திடும். அம்மா மாதிரி ஆக்கள் தலைப்பைப் பாத்திட்டு முழுப் பக்கத்தையும் விடேக்க, அவைக்கு எது பெரிய கஷ்டமோ அதுதான் விடுபட்டுப்போகுது. எனக்கு இந்தத் தலைப்பில கொஞ்சம் கோபம்தான்.

சொக்ஸ் கேள்வி கேக்கிறது குனிஞ்சு பாதத்தைப் பிடிக்க ஏலுமோ எண்டுதான். அம்மா கால் நகம் வெட்டேக்க எப்பிடி எண்டு கேட்டு அதைப் போடுங்கோ. பாத்டப் எண்டா காலைத் தூக்கி ஒரு விளிம்பைத் தாண்டுறது, உங்கட குளிக்கிற அறையில கட்டு இருந்தா அதை நினைக்கச் சொல்லுங்கோ, இல்லாட்டி விடுங்கோ. முழந்தாள் விஷயத்தில இன்னொண்டு இருக்கு. முழந்தாள் போட்டா நோகும் எண்டதால போடாத ஆக்களும் இருக்கினம், போடக்கூடாது எண்டு ஆரோ சொன்னதால போடாத ஆக்களும் இருக்கினம், முக்கியமா மூட்டு மாத்தின பிறகு. ரெண்டு பேரும் "ஆகக் கூடின கஷ்டம்" எண்ட ஒரே கட்டத்திலதான் கோடு போடுவினம். அம்மா எந்தப் பக்கம் எண்டு பிசியோவுக்குச் சொல்லிவிடுங்கோ, ஏனெண்டா முதலாவது ஆளுக்குச் செய்யவேண்டியது வேற, ரெண்டாவது ஆளுக்கு வேற.

கேள்வி (பம்பலப்பிட்டி): லண்டனில இருக்கிற அக்காவுக்கு ஒப்பரேஷனுக்கு முந்தி 19 வந்ததாம். எனக்கு இங்க 45 வந்திருக்கு. எனக்கு அவவை விட மோசமோ?

பதில்: ரெண்டையும் பக்கத்தில வைக்கவே ஏலாது. இங்கிலாந்தில 2009 ஏப்ரலில இருந்து மூட்டு மாத்திற ஆக்களிட்ட முந்தியும் பிறகும் போம் வாங்கினம், முழங்காலுக்கு அது ஒக்ஸ்போர்ட் நீ ஸ்கோர் (Oxford Knee Score), 12 கேள்வி, 48க்கு. 48 வந்தா நல்ல முழங்கால். முந்தி அதே போமை 12ல இருந்து 60 வரை எண்ணினவை, அதில கூட வந்தா மோசம். உங்கட 45 கூஸ் எண்டா அது 100க்கு, கூட வந்தா நல்லது, ஆனா கூஸ் அஞ்சு பகுதிக்கும் வேற வேற ஸ்கோர் தரும், அதில எது 45 எண்டு கேட்டு வாங்குங்கோ. வொமாக் (WOMAC) எண்டு இன்னொரு போம் இருக்கு, 24 கேள்வி, வழக்கமா 96க்கு எண்ணுவினம், அதில தலைகீழ், கூடினா மோசம். அக்காவோட வைபர் கோலில மார்க்ஸ் சொல்லி அழமுந்தி எந்தப் போம் எண்டு கேளுங்கோ!

கேள்வி (மட்டக்குளி): ரெண்டு காலும் வலி. போம்ல ஒரு முழங்கால்னுதான் இருக்கு.

பதில்: எந்தக் கால்னு குடுத்தவரிட்ட கேட்டு மேல வலது, இடதுன்னு எழுதுங்க. ரெண்டையும் கலந்து எழுதினா ஒண்ணுக்கும் உதவாது. இடுப்பு வலியையும் இதுக்குள்ள சேர்க்காதீங்க.

கேள்வி (வெள்ளவத்தை): எல்லாத்துக்கும் ஆக மோசம் எண்டு போட்டா ஒப்பரேஷன் லிஸ்டில முன்னுக்கு வரலாமாம், உண்மையோ? எங்கட அப்பா எண்டா மறுவளம், எதைக் கேட்டாலும் பரவாயில்லை எண்டுதான் சொல்லுவார்.

பதில்: போமை மட்டும் வச்சு ஒருத்தரும் வெட்டமாட்டினம். காலை மடக்கிப் பாப்பினம், நடக்கவிட்டுப் பாப்பினம், எக்ஸ்ரே பாப்பினம். எக்ஸ்ரேயில தேய்மானம் கூட இருந்தும் நோ குறைவான ஆக்கள் இருக்கினம், மறுவளமாயும் இருக்கினம், அதாலதான் உங்கட வாயால கேக்கினம். நடக்கேக்க ஒண்டும் தெரியாம, போமில எல்லாம் ஆக மோசம் எண்டு இருந்தா டொக்டர் முழங்காலை விட்டுட்டு வேற எங்கயோ தேடத் தொடங்குவார்.

அப்பாவுக்கு நீங்கள் போமை வாசிச்சுக் காட்டாதேங்கோ, பிள்ளைக்கு முன்னால அவர் பரவாயில்லைதான் சொல்லுவார். நேர்சிட்டயோ பிசியோட்டயோ தனிய இருந்து நிரப்பவிடுங்கோ. நீங்களே நிரப்பவேண்டி வந்தா நோகுதோ எண்டு கேக்காம, போன கிழமை கோயிலுக்கு நடந்து போனீங்களோ, எந்த இடத்தில நிண்டனீங்கள், ராத்திரி எத்தனை தரம் எழும்பினீங்கள் எண்டு கேளுங்கோ. அதுக்கு அவர் பதில் சொல்லுவார், கட்டத்தில கோடு நீங்கள் போடலாம், ஆனா "மகன் நிரப்பினது" எண்டு கீழ எழுதிவிடுங்கோ.