சாவியைத் திருப்பியும் நிற்காத எஞ்சின்

கேள்வி: என்னுடைய பழைய கார்புரேட்டர் காரில், நீண்ட ஓட்டத்துக்குப் பின் சாவியைத் திருப்பி அணைத்தாலும் எஞ்சின் சில நொடிகள் குலுங்கிக் குலுங்கி ஓடிய பிறகே நிற்கிறது. பிளக்குகளை மாற்றியும் பயனில்லை. காரணம் என்ன?

பதில்: குலுங்கி ஓடுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. சீராக ஓடினால், பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலுக்கு எங்கிருந்தோ மின்சாரம் திரும்பி வருகிறது என்று சந்தேகிக்கலாம். உங்கள் காரிலோ, மின்பொறி நின்ற பின்பும், எரி அறையில் படிந்து கனன்றுகொண்டிருக்கும் கரியோ அளவுக்கு மீறிச் சூடான பிளக் முனையோ, கார்புரேட்டர் வழியே இன்னும் உறிஞ்சப்படும் பெட்ரோல் கலவையைப் பற்றவைக்கிறது.

முதலில் ஐடிலிங் வேகத்தை, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுழலும் வேகத்தை, கவனியுங்கள். பல பழைய கார்களுக்கு நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுகள் போதும். அதற்கு மேல் வைத்திருந்தால் எஞ்சினுக்குள் போகும் கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் தட்டு சற்றே திறந்து நின்று எஞ்சினுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். வேகத்தைக் குறைத்ததும் சாவியை அணைக்காமலே எஞ்சின் நின்றுவிடுகிறது என்றால், ஐடிலிங் திருகை மீண்டும் ஏற்றிவிடாமல், இக்னிஷன் டைமிங் (மின்பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கிறதா, கலவை செல்லும் குழாயான மேனிஃபோல்டின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் வழியே காற்று கசிந்து கலவை மெலிந்திருக்கிறதா என்று சோதியுங்கள். இரண்டுமே வெப்பத்தைக் கூட்டுபவை.

கார்புரேட்டரில் எரிபொருளைத் துண்டிக்கும் சோலினாய்டு வால்வு (மின்சாரத்தால் இயங்கும் அடைப்பு) இருந்தால், ஐடிலிங்கில் அதன் வயரைக் கழற்றிப் பாருங்கள். எஞ்சின் உடனே நிற்காவிட்டால் வால்வு பழுது.

புதிய பிளக்குகளின் வெப்ப எண் (பிளக் வெப்பத்தை வெளியேற்றும் திறனைக் குறிப்பது) கையேட்டோடு பொருந்துகிறதா? கடையில் எடுத்துக் கொடுத்ததை அப்படியே மாட்டிவிடுவது பலருக்கும் வழக்கம். இத்தனைக்குப் பிறகும் தொல்லை தொடர்ந்தால், சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டியாக வேண்டும். அதுவரை, கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி சாவியை அணைத்து, கிளட்சை மெல்ல விட்டால் எஞ்சின் அடங்கிவிடும்.