அருங்காட்சியகத்துக்குள் மொபைல் கேமா?

கேள்வி: லீவுக்குப் பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனோம். போனை விட்டுத் தலை நிமிரவில்லை. வெளிநாட்டில் அருங்காட்சியகங்களே மொபைல் கேம் வெளியிடுகின்றனவாமே, இது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுகிற வேலை இல்லையா ஐயா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: போன் மேல் மட்டும் பழி போடாதீர்கள் அம்மா. நான் வரலாற்று வாத்தியார். சுற்றுலா கூட்டிப் போன பையன்கள் சிலைக் கூடத்தை ஓட்டமாய்க் கடந்து, "சாப்பாடு எப்போ சார்?" என்று கேட்ட காலத்தில் எவன் கையிலும் போன் கிடையாது.

இத்தாலியின் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகம் 2017-ல் 'ஃபாதர் அண்ட் சன்' என்ற கேமை இலவசமாக வெளியிட்டது. முகமே பார்த்தறியாத தொல்லியலாளர் அப்பாவைத் தேடி மைக்கேல் என்கிற இளைஞன் அந்த ஊருக்கு வருகிறான். தெருக்களிலும் அருங்காட்சியகக் கூடங்களிலும் நடக்கிறான். கதை அப்படியே கி.பி. 79-க்கு, வெசுவியஸ் எரிமலை விழுங்கிய பொம்பெய் நகருக்குப் போகிறது. சுடுவது, வெட்டுவது கிடையாது. எனக்குப் பிடித்தது அதில் வைத்த பூட்டுதான். கேமில் சில பகுதிகள் அருங்காட்சியகத்துக்கு நேரில் போனால்தான் திறக்கும்.

மற்றபடி, 'இது எந்த ஆண்டு? நான்கில் ஒன்றைத் தொடு' என்று கேட்டுவிட்டு அதற்கு கேம் என்று பேர் வைப்பவை தேர்வுத்தாள்தான். எங்கள் வாத்தியார் இனத்தின் வியாதி அது!

கூட்டம் சேர்ந்தால் போதும் என்றும் நினைக்க முடியாது. 2016-ல், போனைப் பார்த்தபடி ஊரெல்லாம் நடந்து திரையில் தோன்றும் பொம்மைகளைப் பிடிக்கிற 'போகிமான் கோ' கேம் வந்தபோது, யூத இனப்படுகொலை நினைவாக வாஷிங்டனில் உள்ள அருங்காட்சியகத்துக்குள்ளேயே பொம்மை பிடிக்க ஆட்கள் அலைந்தார்கள். இங்கே விளையாடாதீர்கள் என்று நிர்வாகம் கேட்டுக்கொள்ள வேண்டிவந்தது. ஹிரோஷிமா நகரமும் அணுகுண்டு விழுந்த நாளான ஆகஸ்ட் 6 அஞ்சலிக்கு முன் தங்கள் அமைதிப் பூங்காவை கேமிலிருந்து எடுக்கச் சொல்லி எடுக்கவைத்தது. வந்தவர்களுக்கு அது எந்த இடமென்றே பொருட்டில்லை. அந்த மாதிரி இடத்தில் எந்த கேமும் வேண்டாம் என்பதே என் கட்சி.

எழும்பூருக்கு மறுபடி போனால் போனைப் பிடுங்காதீர்கள். திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார். அவரைச் சுற்றித் திருவாசி, அதாவது அந்தச் சுடர் வளையம், இல்லை. "மற்ற நடராஜர்களில் யாருக்கெல்லாம் திருவாசி இருக்கு? படம் எடுத்துட்டு வா" என்று அனுப்புங்கள். படமெடுக்கக் கட்டணம் உண்டா என்று மட்டும் வாசலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.