கேளுங்கள் சொல்கிறேன்: ஐந்தாவது நிமிடத்தில் நின்றுபோகும் அப்லோடு

கேள்வி: வாய்மொழிக் கதைகளைப் பதிவுசெய்து ஓர் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்துக்கு அனுப்பி வருகிறேன். 28 எம்.பி. ஒலிக்கோப்பு, மூன்றில் இரண்டு பங்கு போனதும் ‘504’ என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடுகிறது. நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் சரியாக 5 நிமிடத்தில் நின்றது. என் அப்லோடு வேகம் 512 கே.பி.பி.எஸ். தளத்தினரோ “உங்கள் நெட் சரியில்லை” என்கிறார்கள். அப்படித்தானா?

பதில்: இல்லை. உங்கள் நெட் மெதுவாகப் போகிறது, ஆனால் அறுபடவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. லைன் கோளாறு என்றால் ஒரு தடவை நாற்பதாவது நொடியில் போகும், இன்னொரு தடவை நாலாவது நிமிடத்தில் போகும். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் நிற்கிறதென்றால் அது மறுமுனையில் வைத்த கெடு. ‘504’ என்பதற்கும் ‘மறுமுனையில் நேரம் கடந்துவிட்டது’ என்றுதான் பொருள்.

கிளவுடில், அதாவது வாடகைக்கு எடுத்த சர்வர்களில், ஒரு கோரிக்கை எவ்வளவு நேரம் நீடிக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. உங்கள் கோப்பு முழுவதும் போய்ச் சேர்வது ஒரே கோரிக்கைதான். தளங்களின் நிரலை ஓட்டித் தரும் கூகுள் கிளவுட் ரன் சேவையில் எதையும் மாற்றாமல் விட்டால் 5 நிமிடம், கூட்டினால் அதிகபட்சம் 60 நிமிடம். அதே போன்ற அமேசான் லாம்ப்டாவில் 15 நிமிடத்துக்கு மேல் எதுவும் ஓடாது. இப்போது கணக்குப் போடுங்கள். 512 கே.பி.பி.எஸ். என்பது நொடிக்கு 512 கிலோபிட்; 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அந்த வேகத்தில் 300 நொடிக்கு 19 எம்.பி.தான் போகும். உங்கள் கோப்புக்கு 7 நிமிடத்துக்கு மேல் வேண்டும். எத்தனை முறை முயன்றாலும் இது முடியாது.

தளத்தினர் செய்த இதே தவறை நானும் செய்திருக்கிறேன். ஒரு அப்லோடு பக்கத்தை எழுதி, அலுவலகத்தின் வேகமான லைனில் சோதித்தேன். 4 நொடியில் முடிந்தது. பிறகு ஒருவர் புகார் எழுதினார். “இணைப்பைச் சரிபாருங்கள்” என்று நானும் பதில் போட்டேன். ஒரு வாரம் கழித்து சர்வரின் பதிவேடான லாக்கைத் திறந்தால், அவர் ஒரே கோப்பை ஒன்பது முறை அனுப்பியிருந்தார். ஒன்பதும் 60-ஆவது நொடியில் வெட்டுப்பட்டிருந்தன. அந்தப் பதிலை எழுதியதற்கு இன்றும் வருந்துகிறேன். மெதுவான இணைப்பில் இருப்பவரின் நேரமும் டேட்டாவும்தானே வீணாகின்றன.

கெடு வைப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறந்து, சொட்டுச் சொட்டாக அனுப்பியே சர்வரை முடக்கிவிட முடியும். 2009-இல் வெளிவந்த ஸ்லோலோரிஸ் என்ற தாக்குதல் நிரல் அதைத்தான் செய்தது. ஆனால் கெடுவில் இரண்டு வகை உண்டு. ‘எதுவுமே வராமல் இத்தனை நொடி போனால் வெட்டு’ என்பது ஒன்று. என்ஜின்எக்ஸ் சர்வர் அப்லோடை வாங்கும்போது இப்படித்தான் பார்க்கிறது. 60 நொடி மௌனம் இருந்தால்தான் துண்டிக்கும், மெதுவாக வந்துகொண்டிருப்பவரை விட்டுவிடும். ‘வந்தாலும் வராவிட்டாலும் மொத்தம் இவ்வளவுதான்’ என்பது மற்றது. உங்களை வெட்டுவது இந்த இரண்டாவது.

தளத்தினரிடம் இதைக் கேளுங்கள்: கோப்பைத் துண்டு துண்டாக வாங்கும் வசதி வேண்டும். கோப்புகளைச் சேமித்து வைக்கும் அமேசான் எஸ்3 சேவையில் 5 எம்.பி. துண்டுகளாக அனுப்பலாம். உங்கள் வேகத்தில் ஒரு துண்டுக்குச் சுமார் 80 நொடி. ஒரு துண்டு தவறினால் அதை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும். டஸ் என்ற திறந்த நெறிமுறையும் விட்ட இடத்திலிருந்து தொடர வழிசெய்கிறது. கெடுவை 10 நிமிடமாக்கிவிட்டு வேலை முடிந்தது என்று அவர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் வேகத்தில் பாதியே உள்ளவர் அப்போதும் மாட்டிக்கொள்வார்.

அதுவரை பதிவை 14 எம்.பி. வீதம் இரண்டாக வெட்டி அனுப்புங்கள். ஒவ்வொன்றும் 4 நிமிடத்துக்குள் போய்விடும்.

கேள்வி: எஸ்3-இல் இருந்த ஒரு பெரிய கோப்புக்கு 1 மணி நேரம் செல்லும் லிங்க் கொடுத்தார்கள். டவுன்லோடு அதைத் தாண்டியும் ஓடியது. நடுவில் நெட் போய், தொடர முயன்றபோது அனுமதி இல்லை என்கிறது. ஏன்?

பதில்: கோரிக்கை தொடங்கும் நொடியில்தான் காலாவதி சரிபார்க்கப்படுகிறது. தொடங்கிய டவுன்லோடு கெடு தாண்டியும் ஓடும். தொடர்வது என்பது புதுக் கோரிக்கை, அதனால் மறுப்பு. இத்தகைய லிங்குக்கு 7 நாள் வரை கெடு வைக்க முடியும். கூடுதல் கெடுவோடு புது லிங்க் கேளுங்கள். பாதியில் நின்ற கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். லிங்க் மாறினாலும் மீதியை மட்டும் இறக்கும் டவுன்லோடு மேனேஜர்கள் இருக்கின்றன.